மதுரையில் ஓர் ஆடு: அலெய்ஸ்டர் க்ரோலி பற்றிச் சில குறிப்புகள்

அலெய்ஸ்டர் க்ரோலியின் தன்வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். 1901-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். இலங்கையிலிருந்து கப்பலேறி இந்தியா வருகிறார், நேராக மதுரைக்குப் போகிறார். இடுப்பில் ஒரு துணி, கையில் பிச்சைப் பாத்திரம், சாமியார் வேடத்தில் ஊருக்கு வெளியே உட்கார்கிறார். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வந்து பேச்சுக் கொடுக்கிறார், நண்பராகிறார். அவர் தயவில் பெரிய கோயிலின் சில ரகசிய சன்னதிகளுக்குள் நுழைந்ததாகவும், அங்கே பவானிக்கு ஓர் ஆட்டைப் பலி கொடுத்ததாகவும் க்ரோலி எழுதுகிறார்.

மதுரை தெரிந்த யாருக்கும் இதைப் படித்ததும் நெற்றி சுருங்கும். மீனாட்சி கோயில் ஆகம முறைப்படி பூஜை நடக்கும் இடம். அதற்குள் ஆடு வெட்டுவதா? கிடா வெட்டு கருப்பசாமிக்கும் காளிக்கும் உண்டு, மீனாட்சிக்குக் கிடையாது. அடுத்து அந்தப் பெயர். மதுரையில் அம்மனைப் பவானி என்று யார் சொல்கிறார்கள்? ஆனால் அந்தக் கால ஆங்கில வாசகருக்கு 'பவானி' நன்றாகத் தெரியும். தக்கர்களின் தெய்வம் என்று 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புத்தகங்கள் பரப்பிய பெயர் அது. இன்னொன்றும் உண்டு. மண்ணின் மக்களிலேயே பெரும் பகுதியினர் அந்தக் கோயிலுக்குள் கால் வைக்க 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1901-ல் ஒரு வெள்ளைக்காரர் ரகசிய சன்னதி வரைக்கும் போய்ப் பலியும் கொடுத்தார் என்றால், என்னால் நம்ப முடியவில்லை. வேறு ஏதாவது ஓர் ஊர்க்கோயிலில் நடந்ததைப் பெரிய கோயிலில் நடந்ததாக ஏற்றிச் சொல்லியிருக்கலாம். மொத்தமும் கதையாகவும் இருக்கலாம்.

ஆனால் அதே பக்கங்களில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, பலர் கவனிக்காதது. அந்த மதுரை நண்பர் மூலம்தான் சபாபதி சுவாமிகளின் யோக நூல் தனக்கு அறிமுகமானது என்கிறார் க்ரோலி. சபாபதி சுவாமிகள் கற்பனை இல்லை. சென்னையில் வாழ்ந்த தமிழ் யோகி. 1880-ல் லாகூரில் அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது. பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும்கூட அவரைச் சந்தித்தார்கள். க்ரோலி பின்னால் தன் மாணவர்களுக்கு எழுதிய பயிற்சிக் குறிப்புகளில் சுவாமிகளின் முறையின் தடம் தெரிகிறது.

ஆக, மதுரையிலிருந்து அவர் கொண்டுபோனவை இரண்டு: ஓர் ஆட்டுக் கதை, ஒரு புத்தகம். கதை உலகம் பூராவும் பரவிவிட்டது. புத்தகத்தை அண்மைக் காலம் வரை ஆராய்ச்சியாளர்கள்கூட அதிகம் கண்டுகொள்ளவில்லை. க்ரோலியின் வாழ்க்கை முழுக்க இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லோரும் ஆட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், முக்கியமானது பக்கத்தில் கிடக்கும்.

யார் இந்த ஆள்?

1875 அக்டோபர் 12 அன்று இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா என்ற ஊரில் பிறந்தவர். வைத்த பெயர் எட்வர்ட் அலெக்சாண்டர் க்ரோலி. 'அலெய்ஸ்டர்' அவரே சூட்டிக்கொண்டது. குடும்பத்துக்குப் பணம் பீர் வடிக்கும் தொழிலிலிருந்து வந்தது. ஆனால் அப்பாவோ பிளிமத் பிரதரன் என்ற மிகக் கறாரான கிறிஸ்தவப் பிரிவின் ஊழியர். வீட்டில் பைபிளைத் தவிர வேறு புத்தகங்களுக்கு இடமில்லை என்கிற அளவுக்குக் கண்டிப்பு. பையனுக்கு 11 வயதாகும்போது, 1887-ல், அப்பா நாக்கில் புற்றுநோய் வந்து இறந்துபோகிறார். அதற்குப் பிறகு பையன் அடங்கவில்லை. கோபத்தில் அம்மா ஒருநாள் அவனை பைபிளின் கடைசிப் புத்தகத்தில் வரும் 'மிருகம்' என்று திட்டினார். திட்டு அவனுக்குப் பிடித்துப்போனது. அந்த மிருகத்தின் எண்ணான 666-ஐ ஆயுள் முழுக்கக் கையெழுத்துப் போலப் பயன்படுத்தினார்.

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் 1895 முதல் மூன்று வருடம் படித்தார், பட்டம் வாங்காமலே வெளியேறினார். கையில் அப்பாவின் சொத்து. கவிதை, சதுரங்கம், மலையேற்றம் என்று எல்லாவற்றிலும் கால் வைத்தார். 1898-ல் 'கோல்டன் டான்' என்ற ரகசிய மாந்திரீகச் சங்கத்தில் சேர்ந்தார். கவிஞர் யேட்ஸும் அதில் உறுப்பினர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1900-ல் சங்கம் இரண்டாக உடைந்தபோது, தலைவர் மாதர்ஸின் பக்கம் நின்ற க்ரோலி, ஸ்காட்லாந்து உடை போட்டுக்கொண்டு லண்டனில் சங்கத்தின் அறைகளைக் கைப்பற்றப் போனார். கடைசியில் போலீஸ் வர வேண்டியதாயிற்று.

கண்டியில் ஒரு பங்களா

என்னைப் பொறுத்தவரை க்ரோலி கதையில் மிகச் சுவாரஸ்யமான பகுதி இலங்கைதான். கோல்டன் டானில் அவருக்கு குரு மாதிரி இருந்தவர் ஆலன் பென்னட். கடுமையான ஆஸ்துமாக்காரர், இங்கிலாந்துக் குளிர் தாங்காமல் 1900-ல் கொழும்புக்கு வந்துவிட்டார். அங்கே அவருக்கு வேலை கொடுத்தவர் யார் தெரியுமா? பொன்னம்பலம் இராமநாதன். அப்போது இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரல், பின்னாளில் சர் பட்டம் பெற்ற அதே தமிழ்த் தலைவர். தன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர பென்னட்டை வைத்துக்கொண்டார். பென்னட் அவரிடம் யோகம் கற்றார்.

இராமநாதன் சைவர், தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளின் சீடர். 'ஸ்ரீ பரானந்தா' என்ற பெயரில் மத்தேயு, யோவான் நற்செய்திகளுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னவர். இயேசுவின் வார்த்தைகளை அனுபவ ஞானத்தின் வழியாக, யோக நெறியாகப் படிக்கும் விளக்கம் அது. மத்தேயு விளக்கம் 1898-லும் யோவான் விளக்கம் 1902-லும் வெளிவந்தன.

இதில் உள்ள முரணைப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து பைபிளை நம்பிய வீட்டில் மூச்சுமுட்டி வெளியே ஓடிவந்த ஒரு பையன், உலகத்தின் இன்னொரு மூலைக்கு வந்து, அதே பைபிளை யோக நூலாகப் படிக்கும் ஒரு தமிழ்ச் சைவரின் வட்டத்தில் வந்து சேர்கிறான். இராமநாதனைப் பற்றி க்ரோலி மரியாதையோடுதான் எழுதுகிறார். ஆசியர்களைப் பற்றி அவர் மற்ற இடங்களில் எழுதிய ஏளனங்களைப் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாகவே இருக்கும்.

1901 ஆகஸ்டில் க்ரோலி இலங்கை வந்தார். பென்னட்டும் அவரும் கண்டியில் ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்தார்கள். ஆசனம், பிராணாயாமம், தாரணை என்று வாரக்கணக்கில் பயிற்சி. ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிடம் உட்கார்ந்தேன், மனம் எத்தனை முறை அலைந்தது என்று நோட்டில் எழுதிவைத்தார். அக்டோபர் தொடக்கத்தில் தியான நிலை கைகூடியதாகக் குறித்திருக்கிறார். இங்கே ரத்தமும் இல்லை, பிசாசும் இல்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு கால் மரத்துப்போக உட்கார்ந்திருக்கும் 25 வயது இளைஞர் மட்டும்தான்.

இந்த நாட்குறிப்புப் பழக்கத்தைப் பின்னால் தன் மாணவர்கள் எல்லோருக்கும் கட்டாயமாக்கினார். 1939-ல் வெளிவந்த அவருடைய யோகச் சொற்பொழிவுகளிலும் அதே தொனிதான்: மர்மப் பூச்சு வேண்டாம், செய்து பார், எழுதி வை. பென்னட்டோ பர்மாவுக்குப் போய் பௌத்தத் துறவியானார். ஆனந்த மெத்தேய்ய என்ற பெயரில் 1908-ல் பிரிட்டனுக்கு முதல் பௌத்தத் தூதுக்குழுவை அழைத்துச் சென்றவர் அவர்தான். ஒரே பங்களாவில் இருந்து புறப்பட்ட இரண்டு பேர், இரண்டு திசை.

கெய்ரோ

1903-ல் ரோஸ் கெல்லி என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். மறுவருடம் இருவரும் கெய்ரோவில். ரோஸ் திடீரென்று அருள் வந்தவர் மாதிரிப் பேச ஆரம்பித்தார், எகிப்தியக் கடவுள் ஹோரஸ் உங்களுக்காகக் காத்திருக்கிறார் என்றார். சோதித்துப் பார்க்க க்ரோலி அவரை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போக, ரோஸ் ஒரு பழைய நினைவுப் பலகையைக் காட்டினார். அதன் பட்டியல் எண் 666. 1904 ஏப்ரல் 8, 9, 10 ஆகிய மூன்று நாட்களும் தினமும் ஒரு மணி நேரம், ஐவாஸ் என்ற அசரீரிக் குரல் சொல்லச் சொல்லத் தான் எழுதியதே 'சட்ட நூல்' என்பது க்ரோலியின் கூற்று. அதிலிருந்து பிறந்தது 'தெலிமா' என்ற அவருடைய மதம். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு 'சித்தம்' என்று பொருள்.

தெலிமாவின் மையக் கருத்தை மனம்போன போக்கு என்று பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். க்ரோலி கொடுத்த விளக்கம் வேறு. ஒவ்வொரு மனிதருக்கும் உள்ளே ஓர் உண்மையான சித்தம் உண்டு, மேலோட்டமான ஆசைகளை விலக்கி அதைக் கண்டுபிடித்து அதன்படி வாழ வேண்டும், அடுத்தவர் வழியில் குறுக்கே நிற்கக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சித்தாந்தத்தை எடைபோட அதைச் சொன்னவர் பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்றும் பார்க்கணும் இல்லையா?

காஞ்சன்ஜங்கா, 1905

மலையேறியாக க்ரோலியைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1902-ல் கே2 சிகரத்துக்கு நடந்த முதல் தீவிர முயற்சியில் அவரும் ஒருவர். சுமார் 6,500 மீட்டர் வரை போனார்கள், மலையில் யாரும் சாகவில்லை. 1905-ல் காஞ்சன்ஜங்கா பயணத்துக்கு அவரே தலைவர். அவர் தேர்ந்தெடுத்த தென்மேற்கு முகத்தின் வழியாகத்தான் 50 வருடம் கழித்து, 1955-ல், பிரிட்டிஷ் குழு முதன்முதலாக மேலே ஏறியது. அவருக்கு மலையைப் படிக்கத் தெரிந்திருந்தது.

மனிதர்களைத் தெரியவில்லை. சுமைதூக்கிகளை அடித்தார் என்று புகார் எழுந்தது. சுவிஸ் மருத்துவர் ஜாக்கோ-கியார்மோவுக்கும் அவருக்கும் முற்றிப்போன சண்டை. செப்டம்பர் 1 அன்று தலைமையை ஏற்க மறுத்து ஒரு கூட்டம் சாயங்கால வேளையில் கீழே இறங்கியது. இந்த நேரத்தில் இறங்காதீர்கள் என்று க்ரோலி எச்சரித்தார். எச்சரிக்கை சரிதான். வழியில் கால் இடறி பனிச்சரிவு. அலெக்சி பாஷே என்ற சுவிஸ் அதிகாரியும் மூன்று சுமைதூக்கிகளும் புதைந்துபோனார்கள்.

கீழிருந்து உதவிக்கு அலறல். கூடாரத்தில் இருந்த ரேமண்ட் இறங்கிப் போனார். க்ரோலி போகவில்லை, கூடாரத்திலேயே இருந்துவிட்டார். மறுநாள் காலை இறங்கி, விபத்து நடந்த இடத்தைக் கடந்து போய்விட்டார். தேடுகிறவர்களோடு சேர்ந்து தோண்ட நிற்கவில்லை. பிறகு பத்திரிகைக்குக் கடிதம் எழுதித் தன்னை நியாயப்படுத்திக்கொண்டார். பின்னால் வந்த மலையேறிகள் அந்த இடத்தைப் 'பாஷேயின் கல்லறை' என்று அழைத்தார்கள். மற்ற மூவரும் பெரும்பாலான புத்தகங்களில் 'மூன்று சுமைதூக்கிகள்', அவ்வளவுதான்.

இதற்குச் சாத்தான் தேவையில்லை. மந்திரமும் தேவையில்லை. நான் சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை, எனவே நான் வரமாட்டேன் என்கிற மனநிலை. நமக்குத் தெரிந்த எத்தனையோ பேரிடம் சின்ன அளவில் பார்த்திருக்கிறோம்.

அடுத்த வருடமும் அதே கதை. மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு தென் சீனா வழியாகப் பயணம் போனார். முடிந்ததும் அவர்களை இந்தியா வழியாகத் திரும்பச் சொல்லிவிட்டு, தான் ஷாங்காய்க்குப் போய் ஒரு பழைய தோழியைப் பார்த்து, அமெரிக்கா வழியாக ஊர் திரும்பினார். 1906-ல் லிவர்பூலில் இறங்கியபோது செய்தி காத்திருந்தது. மகள் ரங்கூனில் டைபாய்டில் இறந்துவிட்டாள். பழியை ரோஸின் குடிமேல் போட்டார். 1909-ல் விவாகரத்து, 1911-ல் ரோஸ் மனநல விடுதியில். ரோஸ் குடித்தது உண்மை. குழந்தையோடு அவரைத் தனியாக அனுப்பியது யார் என்பதும் உண்மை.

பூனை ரத்தமும் ஓடைத் தண்ணீரும்

முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் இருந்து ஜெர்மனிக்கு ஆதரவாக எழுதினார். பிரிட்டனுக்காக உளவு பார்க்கவே அப்படிச் செய்தேன் என்று பின்னால் சொன்னார். அதை ஒப்புக்கொள்ளும் ஆய்வாளரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. 1920-ல் சிசிலியின் செஃபலூ என்ற ஊரில் ஒரு பழைய வீட்டைப் பிடித்து 'தெலிமா மடம்' என்று பெயர் வைத்தார். சுவரெல்லாம் ஓவியம். தண்ணீர் வசதியோ சுகாதாரமோ சரியில்லை. ஆஸ்துமாவுக்கு மருந்தாக ஆரம்பித்த ஹெராயின் அவரை முழுதாகப் பிடித்துக்கொண்டது அந்தக் காலத்தில்தான். அந்த நாட்களில் அவருடைய இன்னொரு கைக்குழந்தையும் இறந்தது.

1923 பிப்ரவரியில் ரவுல் லவ்டே என்ற ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரி மடத்தில் இறந்தார்.  அவர் மனைவி பெட்டி மே லண்டன் திரும்பிப் பத்திரிகைகளிடம் பேசினார். சடங்கில் பூனை ரத்தம் குடிக்கவைத்தார்கள் என்ற செய்தி தீயாகப் பரவியது. 'ஜான் புல்' பத்திரிகை அவருக்கு 'உலகிலேயே மிகக் கொடிய மனிதன்' என்று பட்டம் கட்டியது இந்தச் சமயத்தில்தான். சில வாரங்களில் முசோலினி அரசு அவரை இத்தாலியை விட்டு வெளியேற்றியது.

லவ்டே இறந்தது குடல் தொற்றால். மலை ஓடைத் தண்ணீரைக் குடித்ததால் வந்திருக்கலாம் என்பதே பொதுவான கருத்து. பூனை ரத்தம் செய்தியாகும், அசுத்தத் தண்ணீர் ஆகாது. ஆனால் உண்மையான கேள்வி தண்ணீரில்தான் இருக்கிறது. மருத்துவ வசதி இல்லாத, சுகாதாரம் கெட்ட ஓர் இடத்தில் இளைஞர்களையும் குழந்தைகளையும் கூட்டி வைத்த பொறுப்பு யாருடையது? அந்தக் கேள்வியை அன்றைக்கு எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை. பிசாசிடம் போய் யாராவது 'கிணறு சுத்தம் பண்ணினியா' என்று கேட்பார்களா?

இந்தப் பிசாசு உருவத்தைப் பத்திரிகைகள் மட்டும் செய்யவில்லை, க்ரோலியும் கூடச் சேர்ந்து செய்தார். மந்திரம் பற்றிய தன் நூலில், 1912 முதல் ஆண்டுக்குச் சுமார் 150 முறை ஆண் குழந்தையைப் பலி கொடுத்ததாக அடிக்குறிப்பு எழுதியிருக்கிறார். அது பாலியல் சடங்கு பற்றிய மறைமொழி, விஷயம் தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ள வைத்த நக்கல். ஊர் அதை வாக்குமூலமாகப் படித்தது.

அந்த நக்கல்களுக்கு 1934-ல் விலை கொடுத்தார். ஓவியர் நினா ஹாம்னெட் தன் நினைவுக் குறிப்பில் க்ரோலியைக் கரும்மந்திரத்தோடு சேர்த்து எழுதினார் என்று அவதூறு வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் வெளியே சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை, க்ரோலியின் சொந்தப் புத்தகங்களையே எடுத்து நீதிமன்றத்தில் படித்தார். வழக்குத் தோற்றது, மறுவருடம் திவாலானார். 1947 டிசம்பர் 1 அன்று ஹேஸ்டிங்ஸில் ஒரு தங்கும் விடுதியில் 72 வயதில் இறந்தார்.

செத்தபின் வளர்ந்தவர்

அடுத்த 20 வருடத்தில் எல்லாம் தலைகீழ். 1967-ல் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' அட்டையில் க்ரோலியின் முகம். லெட் செப்பெலின் ஜிம்மி பேஜ், லாக் நெஸ் ஏரிக்கரையில் அவர் வாழ்ந்த போல்ஸ்கின் வீட்டையே வாங்கினார். 1980-ல் ஆசி ஆஸ்போர்ன் அவர் பெயரில் பாட்டுப் போட்டார். 2002-ல் பிபிசி நடத்திய 'நூறு பெரிய பிரிட்டிஷ்காரர்கள்' வாக்கெடுப்பில் 73-ஆவது இடம்.

கொஞ்சம் ஆழமான தடங்களும் உண்டு. விக்கா மதத்தை உருவாக்கிய ஜெரால்ட் கார்ட்னர் 1947-ல் அவரைச் சந்தித்தார், விக்காவின் தொடக்கச் சடங்குகளில் க்ரோலியின் வரிகள் நிறைய. கலிஃபோர்னியாவில் ராக்கெட் ஆராய்ச்சியின் முன்னோடி ஜாக் பார்சன்ஸ் அவருடைய சீடர். ஃப்ரீடா ஹாரிஸ் வரைய, க்ரோலி வடிவமைத்த 'தோத்' டாரட் சீட்டுகள் இன்றும் கடைகளில் விற்கின்றன. யோகத்தை மேற்கு வாசகருக்குப் பயிற்சி முறையாக எழுதியவர்கள் வரிசையிலும் அவருக்கு இடம் உண்டு. அதற்குப் பின்னால் கண்டியும் இராமநாதனும் சபாபதி சுவாமிகளும் இருக்கிறார்கள் என்று நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை.

ஒரு காலத்தில் 'கொடிய மனிதன்' என்று பயந்தவர்களும், இன்று 'கலகக்காரர்' என்று கொண்டாடுகிறவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள் என்பது என் எண்ணம். இரண்டு பேருமே ஆட்டைப் பார்க்கிறார்கள். பிசாசு என்ற பட்டம் க்ரோலியைத் தண்டிக்கவில்லை, காப்பாற்றியிருக்கிறது. பிசாசாக இருந்தால் பெரிய பாவங்கள் மட்டுமே கணக்கில் வரும், அந்தப் பெரிய பாவங்கள் எதையும் அவர் செய்யவில்லை என்று நிரூபித்துவிடலாம். மனிதராகப் பார்த்தால்தான் சின்னக் கணக்குகள் தெரியும்: கூடாரத்தை விட்டு வராத ஓர் இரவு, ரங்கூனில் தனியாகக் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு மனைவி, செஃபலூ வீட்டின் தண்ணீர். மனிதராகப் பார்த்தால்தான் அவர் செய்த நல்லதும் தெரியும். கண்டியில் அந்த நோட்டில் பொறுமையாக நிமிடங்களை எண்ணி எழுதியவரும் அவர்தானே.

அடுத்த குறிப்பில் ஆலன் பென்னட்டைப் பற்றி எழுத எண்ணம். கொழும்பு, கண்டி, ரங்கூன் என்று அவர் போன வழி தனிக் கதை. ஆடு எதுவும் வராது, ஆனால் படிக்க வேண்டிய கதை.